டீ கொட்டிய பக்கம்

டம்ளர் சாய்ந்தது என் கையால்தான். டீ முழுவதும் புஷ்பா சிஸ்டரின் நோட்டில்.

மைப் பேனாவில் எழுதிய ஆறு பக்கம். நீல எழுத்தெல்லாம் கரைந்து மழைக்கால ஏரி மாதிரி ஆகிவிட்டது.

“இன்னா மச்சான், கைய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?” என்றான் பக்கத்துக் கட்டில் கலியமூர்த்தி.

மாத்திரையின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் வார்டில் அது ஒரு வசதி. கை நடுங்கினால் மாத்திரை, கால் ஆடினால் மாத்திரை. சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டால் அதுவும் மாத்திரை.

கால் நிஜமாகவே ஆடும். உட்கார்ந்தால் எழுந்திரு என்னும், எழுந்தால் நட என்னும். மண்ணூர்பேட்டையில் பத்து வருடம் லேத் மெஷினோடு நின்ற இடத்தில் நின்றவன் நான். அதற்கெல்லாம் சேர்த்து இந்த மனநல ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நாலு மாதமாக நடக்கிறேன்.

புஷ்பா நர்சிங் மாணவி, ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். ஒரு மாதப் பயிற்சிக்கு வந்தவளுக்கு ஒதுக்கிய நோயாளி நான். மற்றப் பெண்களுக்கு வாயே திறக்காதவர்கள் கிடைத்தார்கள். இவளுக்கு வாயை மூடாத ஒருவன்.

நாங்கள் பேசுவதை அவள் வார்த்தை மாறாமல் மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். ‘நோயாளி சொன்னது’, ‘நான் சொன்னது’, ‘எனக்குத் தோன்றியது’. ஐந்து மணிக்குக் காலேஜ் வேன் வரும்போது சாமுண்டீஸ்வரி மேடத்திடம் நோட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொரு மாதம் இதே வார்டு.

அப்போது மணி நாலேகால். அவள் கண் கலங்கிவிட்டது.

“அழாதீங்க சிஸ்டர். வேற நோட்டு எடுங்க. பேசினதெல்லாம் எனக்கு ஞாபகம் கீது. திரும்பச் சொல்றேன், எழுதிக்கோங்க.”

நான் நடந்துகொண்டே சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். கதவு வரை போய்த் திரும்புவதற்குள் ஒரு வரி. முதலில் சொன்னதைவிடக் கொஞ்சம் அழகாகவே சொன்னேன். இரண்டாவது வாய்ப்பு எல்லாருக்குமா கிடைக்கிறது?

ஜனவரியில் பஸ்ஸில் நடந்ததையும் மறுபடி சொன்னேன்.

அப்போது எனக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. யாரோ பின்னாலேயே வருவதாக நினைத்து ஊரெல்லாம் சுற்றினேன். அன்றைக்கு என் மகள் பாப்பாவையும் கூட்டிப்போனேன். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, நடுவழியில் நான் மட்டும் இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் குடையை மறப்பவர்கள் உண்டு. நான் கொஞ்சம் பெரிய மறதிக்காரன்.

அவளுக்கு வயது ஐந்து. ஐயப்பன்தாங்கல் டிப்போவில், கண்டக்டர் வாங்கிக் கொடுத்த பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

“சிரிக்கலாம் சிஸ்டர்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. முதல் தடவையும் சிரிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை எனக்கு டிஸ்சார்ஜ். என் மனைவி வசந்தகுமாரி வந்து கூட்டிப்போகிறாள். பாப்பாவை ஒருநாளும் இங்கே அழைத்து வந்ததில்லை. நான் வாசலில் போய் நின்றால் பாப்பா என்னிடம் ஓடி வருவாளா, உள்ளே ஓடி ஒளிவாளா? அது தெரியாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது?

டாக்டரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஆயா தாயம்மாவிடம் கேட்டேன். பெற்ற பிள்ளை தேடாமல் இருக்குமா நைனா என்றாள். வசந்தகுமாரியிடமே கேட்டேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள்.

புஷ்பா செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்குப் போய்வந்தவள். நோயாளியின் வீட்டைப் பார்த்து வருவதும் பயிற்சியில் சேர்த்தி.

திரும்பச் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

“எழுதுங்க சிஸ்டர். நோயாளி சொன்னது: பாப்பா என்னைக் கேக்குதா?”

எழுதினாள்.

“இப்ப நீங்க சொன்னது.”

பேனா நின்றுவிட்டது.

முதல் தடவை அவள் தயங்கவே இல்லை. தினமும் கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டம்ளர் சாய்ந்தது அப்போதுதான்.

சாமுண்டீஸ்வரி மேடம் பாடம் நடத்துவது எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில். ஜன்னலுக்கு வெளியே நடந்தபடி நாலு மாதமாக அதே பாடத்தைக் கேட்கிறேன். பரீட்சை வைத்தால் நானே பாஸாகிவிடுவேன். நோயாளிக்குப் பொய் ஆறுதல் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்.

தெரிந்துவிடத்தான் செய்கிறது.

கால் ஆடியது உண்மை. ஆனால் டம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கவே இல்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மற்றப் பெண்கள் நோட்டுகளோடு ஓடினார்கள். புஷ்பா நனைந்த நோட்டைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

“கேக்கலண்ணா,” என்றாள். “நான் இருந்த வரைக்கும் ஒரு தடவகூடக் கேக்கல. அன்னைக்கு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவங்க ரெண்டு பேரோடதான் பஸ்ல வந்தேன். ஏறினதும் பாப்பா அம்மா முந்தானையைக் கையில சுத்திக்கிச்சு. இறங்குற வரைக்கும் விடல.”