எட்டு ஓம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம். தூத்துக்குடியில் மகளின் கல்யாண ஊர்வலக் காரில் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டு கேட்டார் அய்யாக்குட்டி.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரன் லெயோன் தலையாட்டினான். “குழாய் ஒவ்வொண்ணும் பதினாறு ஓம் தடை, அண்ணாச்சி. ரெண்டையும் சேத்துக் கட்டுனா எட்டாயிரும். மிசின்ல ஒயரை எட்டுக்கு மாத்தணும். பதினாறுலயே விட்டா வால்வு கருகிரும்.”

குனிந்து ஒயரை மாற்றத் தொடங்கினான்.

“சீக்கிரம்லே, நல்ல நேரம் போவுது!” முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார் அய்யாக்குட்டி. அவன் திரும்பவே இல்லை.

“ஏளா, ஒம் புருசனுக்கு என்ன திமிரு!”

மெட்டில்டா இசைத்தட்டில் ஊசியை வைத்தாள்.

இரண்டு குழாயிலும் நாகஸ்வரம் வழிந்தது. உப்புக் காற்றில் தெருவே மிதப்பதுபோல் இருந்தது. லெயோன் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டான்.

அய்யாக்குட்டியின் கோபம் கரைந்துவிட்டது. “பாட்டுல சொக்கிட்டானே! நல்ல ரசிகன்தான்.”

“குழாய் சரியா அதிருதான்னு பாக்காவ, அண்ணாச்சி. சங்கு குளிக்கப் போயி, பத்துப் பாகம் ஆழத்துல அவுகளுக்கு ரெண்டு காதும் செவிடாப் போச்சு.”

லெயோன் கண்களைத் திறந்து மனைவியின் உதடுகளைப் பார்த்தான்.

“இன்னைக்கு என்ன பாட்டு, மெட்டில்டா?”