குரல் புறப்பட்ட நேரம்

கடலடிச் சுரங்கத்தின் அபாயச் சங்கு அலறியது. செவ்வந்தியின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. அவள் கணவன் சுடலைமணி சுரங்கத்துக்குள் இருந்தான். உடனே போன் அடித்தது.

"பயப்படாத செவ்வந்தி. நான் வெளிய வந்துட்டேன். வீட்டுலயே இரு."

போன உயிர் திரும்பி வந்தது. பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள். மற்றவர்கள் போனில் அழைப்பு வந்த நேரம் மட்டுமே தெரியும். செவ்வந்தி நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுபவள். குரல் எப்போது பேசப்பட்டது என்று, அதை முதலில் வாங்கும் கார்டு குத்தும் நேர முத்திரையையும் தன் போனில் வரவழைத்திருந்தாள். அது பொய் சொல்லாது.

அதில் இருந்தது இன்றைய தேதி இல்லை; சுடலைமணி சுரங்க வேலையில் சேர்ந்த தேதி.

வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு பிலோமினா சிரித்தபடி நின்றாள்.

"எங்கக்கா ஓடுதீய? எங்க வீட்டுக்காரரும் இப்பத்தான் பேசினாவ. பயப்படாத, வெளிய வந்துட்டேன், வீட்டுலயே இருன்னாவ."