பத்துப் பேருக்குச் சோறு

சர்ர்... சர்ர்...

மஃரிபு பாங்கு சொல்லி, நன்றாக இருட்டிய பிறகு கேட்டது. வேலிக்கு வெளியே, மணலில் எதையோ இழுத்து வருகிற சத்தம்.

பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டேன். பிறந்து மூன்று கிழமைதான். என் கணவர் கட்டாரில் வேலை. துணைக்கு இருந்த மாமியும் நேற்று எத்தாளையில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். கண்டக்குழிக் கரையில் எங்கள் வீடுதான் கடைசி.

வாப்பாவுக்குப் போன் எடுக்கலாம். எந்த முகத்தோடு எடுக்கிறது?

பிள்ளை கிடைத்த கிழமை வந்து, "நாற்பது நாள் கழியும்வரை என்ட வீட்டில இரு" என்றார்.

"அங்க நீங்க சத்தம் போட்டா பிள்ளை திடுக்கிடும் வாப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது.

"வல்லாஹி! இனி உன்ட வீட்டுக்குள்ள கால் வெக்க மாட்டன்!"

அல்லாஹ் மேல் சத்தியம். போனவர் போனவர்தான்.

இன்று பகல் அடுத்த வீட்டுக் கமறியா சாச்சி வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "கேட்டியா ஸம்ஹா? உன்ட வாப்பா தன்ட கையால கோழி ஆணம் காய்ச்சி, கரையில போறவன் வாறவன் பத்துப் பேருக்குச் சோறு போட்டிருக்கார். பிள்ளை பெத்த உனக்கு ஒரு பிடி வந்ததா?"

"இல்ல சாச்சி."

"கல்லு மனுசன்!"

எனக்கும் அப்படித்தான் பட்டது.

சத்தம் வாசலில் வந்து நின்றது.

"ஆ... ஆரு?"

"கத்தாத. பிள்ளை எழும்பிடும்."

வாப்பா! அந்த மனிதருக்கு ரகசியக் குரல் ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கதவைத் திறந்தேன். கையில் கேம்ப் கட்டில். ஒன்றரை மைல் மணலில் இழுத்து வந்து, மனிதருக்கு மூச்சு வாங்கியது.

"பகல் பெரிய விருந்தாமே?" குத்தலாகத்தான் கேட்டேன்.

"விருந்தா? நல்ல கதை! நீ தனிய இருக்கிறாய் எண்டு பள்ளி லெப்பையிட்டப் போய்க் கேட்டன். சத்தியத்தை முறிக்கிறதெண்டா பத்து ஏழைகளுக்குச் சோறு குடுக்கணுமாம். குடுத்திட்டன்."

கதவை இன்னும் அகலத் திறந்து வழிவிட்டேன்.

"இனிச் சத்தியமே பண்ண மாட்டன் மகள். கோழி விக்கிற விலைக்கு!"

பிஸ்மி சொல்லி, வலது காலை உள்ளே வைத்தார். கட்டிலை இழுக்காமல் தூக்கி வந்து வாசலுக்கு உள்பக்கம் குறுக்கே போட்டார். பிறகு, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டார்.