ஹீட்டர் நேரம்

"போச்சு! எல்லாம் போச்சு!"

சாந்தாமேரி போட்ட சத்தத்தில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலைக் கீழே நழுவவிட்டாள்.

ஸ்டெபிலைசர் டக்கென்றது. கம்ப்யூட்டர் இருண்டது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அடித்த ஏழாம் வகுப்பு மார்க் லிஸ்ட் போன இடம் தெரியவில்லை.

ஏற்காட்டு டிசம்பர். மாலை ஆறு மணியானால் அந்த வரிசையிலிருந்த மற்ற எட்டு வீட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் காயவைக்க ஹீட்டர் போட்டுவிடுவார்கள். பல்பே அழுது வடியும். கம்ப்யூட்டருக்கு அந்த வோல்டேஜ் எந்த மூலைக்கு?

சாந்தாமேரி பள்ளிக்கூட ஆபீசில் பதினோரு வருஷமாக டைப்பிஸ்ட். ஜனவரியிலிருந்து டைப்ரைட்டர் கிடையாது, கம்ப்யூட்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். லீவு விடுவதற்குள் ஒரு பரீட்சை. தேறினால் அதே நாற்காலி, இல்லாவிட்டால் வேறு ஆள். சேலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் கெஞ்சிக் கூத்தாடி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்திருந்தாள்.

விடிகாலை நாலரைக்கு எழுந்தால் சமையல், துணி, மகளுக்குச் சடை, அப்புறம் ஆபீஸ். எட்டு மணிக்கு மேல் மறுபடியும் அடுப்பு. நடுவில் அவளுக்கென்று கிடைப்பது ஆறிலிருந்து எட்டு. அதிலும் இப்படி மண் விழுந்தால்?

கட்டிலில் சாய்ந்திருந்த மனுவேல் தலையைத் தூக்கினான். மலைக்கிராமமான மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவன். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டான்.

"கரண்டு போனா போவுது. சோறு ஆச்சா?"

"ஏனுங்க, நான் தலையில கைய வெச்சு உக்காந்திருக்கேன், உங்களுக்குச் சோறு பெருசாப் போச்சா? ஒரு பத்து நாளு அடுப்பை நீங்க பாத்துக்கங்க. எட்டு மணிக்கு ஹீட்டரெல்லாம் நின்னுரும், அப்பறமா நான் உக்காந்து பழகிக்கறேன்."

"நானா? ஆம்பள கரண்டி புடிச்சான்னு தெரிஞ்சா ஜீப் ஸ்டாண்டுல கைகொட்டிச் சிரிப்பானுங்க!"

"என்ற வேலை போனா சிரிக்க மாட்டாங்களா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாந்தாமேரிக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கரண்ட் ஆபீசுக்குப் போனாள். அழாத குறையாகச் சொன்னாள். "பாக்கறோம், போங்க" என்றார்கள்.

என்ன மாயமோ, அன்று சாயங்காலமே வோல்டேஜ் கல்லுமாதிரி நின்றது. மறுநாளும் அப்படித்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது, மார்க் லிஸ்ட் ஏறியது, கேள்வித்தாள் ஏறியது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் நல்லா இருக்கணும் என்று ஜெபத்தில்கூட ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் மனுவேல்?

ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிற மனுஷன், அன்றிலிருந்து எட்டரைக்கு முன்னால் தலை காட்டவில்லை. வரும்போது மேலெல்லாம் புகை நாற்றம்.

"எங்க போயிருந்தீங்க?"

"ஸ்டாண்டுல."

"ஸ்டாண்டுல என்ன?"

"குளிரு. தீ மூட்டி உக்காந்திருந்தோம்."

"நான் இங்க ஒத்தையில அல்லாடறேன், நீங்க அங்க குளிர் காயறீங்களா? வெக்கமா இல்லீங்க? கட்டின பொண்டாட்டி வேலை போவுதா நிக்குதான்னு ஒரு கவலை உண்டா?"

"நொம்பப் பேசாத. சோத்தைப் போடு."

தட்டை அவன் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்றா சொல்வது, போட்டாள்.

பத்து நாளும் இதே கூத்து. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஊரார் செய்த உதவியைக்கூட வீட்டுக்காரன் செய்யவில்லையே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பரீட்சையில் தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய சிஸ்டரே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "உன் நாற்காலி உனக்குத்தான்மா" என்றார். சாந்தாமேரிக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சந்தோஷம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. இன்றைக்கு அந்த மனுஷனை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் வாசலுக்கு வந்தாள்.

அங்கே வரிசையின் கடைசி வீட்டு மாரியம்மாள் காத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பரிச்சை என்னாச்சுங்க?"

"பாஸாயிட்டேன் மாரி. யாரு தயவு? கரண்ட் ஆபீஸ்காரங்க தயவு. ஊட்டுக்காரரு ஒருத்தரு இருக்காரே, பத்து நாளா ஜீப் ஸ்டாண்டே கதின்னு கெடக்கறாரு. இன்னிக்கு வரட்டும், இருக்குது அவருக்கு!"

மாரியம்மாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்பாடா! அப்ப இன்னிக்கிலிருந்து நாங்க ஹீட்டர் போட்டுக்கலாமுங்களா?"

"நீங்க எதுக்குப் போடாம இருந்தீங்க?"

"அண்ணன்தானுங்க போடக் கூடாதுன்னு ஊடு ஊடா வந்து கெஞ்சினாரு. குளிருல நாங்க என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, எங்கூட்டுப் பின்னால பெரிய அண்டா வெச்சு, வெறகு எரிச்சு, தெனமும் எட்டு ஊட்டுக்கும் அவரே சுடுதண்ணி தூக்கிட்டு வந்து ஊத்துனாருங்க."

சாந்தாமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மாரி!"

"சத்தியம் வாங்கிட்டாருங்க்கா! 'அவ காதுக்குப் போயிரக் கூடாது, அப்பறம் எங்கூட்டுத் தண்ணியையும் தெனமும் என்னையவே தூக்கச் சொல்லுவா'ன்னாரு."