கூட வந்தவர்

1967 மாசியில் ஒரு காலை, காய்ச்சலில் துவண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு சாராள் டீச்சர் தாம்பரத்து டாக்டரிடம் வந்தாள். சீட்டுக் கொடுக்கும் தனம் தலையைத் தூக்கவேயில்லை.

"புள்ளைக்கு உடம்பு கொதிக்குதும்மா."

"எல்லாருக்கும் அவசரந்தான். போய் உக்காரு."

பெஞ்சில் இடமில்லை. சாராள் நின்றாள். வெகுநேரம் கழித்து மறுபடி கேட்டதும் தனம் எரிந்து விழுந்தாள்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? புள்ளைய அவர்கிட்ட குடுத்துட்டு வந்து பேரச் சொல்லு. அவரும் அப்ப புடிச்சு கைய நீட்டிகினு நிக்கிறாரு."

"யாரு?"

"உன் பின்னாடி, நீலக் கோடு போட்ட சட்டை. வூட்டுக்காரர்தானே?"

கணவர் வில்பிரட்டைப் போன வருஷம் அந்தச் சட்டையோடுதான் அடக்கம் செய்தார்கள்.

சாராளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. மகன் அவள் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்துச் சிரித்தான், கையை நீட்டினான். அந்தக் கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"தர மாட்டேங்க," என்று கத்தினாள். "இவன் எனக்கு வேணும்."

"சத்தம் போடாதே," என்று அதட்டிய தனம், வாசல் பக்கம் பார்த்தாள். "பாரு, கோச்சுகினு போறாரு."

மகனின் நெற்றி வியர்க்கத் தொடங்கியது. சாராள் அவனை இறுக்கிக்கொண்டு அழுதாள். வாசல் பக்கம் மட்டும் திரும்பவில்லை.