அண்டார்டிகாவில் சிவப்பு அம்புகள்
பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நானூறு நீல டி-ஷர்ட்டுகளும் டேமேஜ் பக்கமாகவே குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் மார்பிலும் வெள்ளை பிரிண்டில் அண்டார்டிகா. அதன் கரையிலிருந்து உள்ளே ஓடும் மெல்லிய கோட்டில் மட்டும் பிரிண்ட் விட்டுப்போய் நீலத் துணி தெரிகிறது. அதை வெடிப்பு என்று முடிவுகட்டி, செக்கிங் பார்க்கும் கலைமகள் கோடுதோறும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறாள். சாயங்கால லாரிக்குப் பெட்டி கட்ட வேண்டிய சரக்கு இது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தரணீதரன் செல்போனும் கையுமாக ஓடி வந்து, தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிள்களின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறான். "அக்கா, அது வெடிப்பில்லீங்க, டிசைனே அப்படித்தானுங்க! பனிக்கடியில இருக்கற பள்ளத்தாக்காமா. ஆர்டர் குடுத்தவங்க அதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. பல கோடி வருசத்துக்கு முந்தி பூமி ரெண்டு பக்கமும் இழுபட்டு, மெலிஞ்சு, கிழிஞ்சு, நடுவுல எறங்கிப்போச்சாமா." கலைமகள் ஒரு சட்டையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இரண்டு கையாலும் இழுக்கிறாள். கோடு அகலமாகிறது. தளர்த்தியதும் பழையபடி ஒடுங்கிக்கொள்கிறது. "அங்க மறுக்கா சேர்ந்துக்கலீங்களா சார்?" "இல்லீங்க்கா." நகத்தால் அம்பை உரித்து, சட்டையை மடித்து, தேறிய சரக்கு வைக்கும் பாஸ் பக்கம் வைக்கிறாள். "பாஸ் போட்டர்றனுங்க. ஆனா பூமியா இருந்தாலும் டேமேஜ் டேமேஜ்தானுங்க சார்."