பார்வையாளர் மாடத்தில் வில்மா

சட்டமன்றத்தின் உயரமான ஜன்னல்களில் மத்தியான வெயில் இறங்குகிறது. அப்பலாச்சிய மலையூரிலிருந்து பஸ் ஏறி வந்த வில்மா மாடத்துக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கீழே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கான இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லிப் பேசுகிறவர் டால்ட்டன் க்ரீச். இருமி இருமியே செத்த அவள் கணவனுக்காக இருபது வருடத்துக்கு முன் வாதாடி ஜெயித்த வக்கீல் அவர்தான். அந்தப் பெயரில்தான் ஓட்டு வாங்கி இங்கே வந்தார். வில்மா எழுந்து நிற்கிறாள். "கனம் நீதிபதி அவர்களே, இந்த மனுஷனோட மூச்சை எரிச்சுத்தான் நம்ம வீட்டுல விளக்கு எரியுது!" குரல் கூரையில் மோதுகிறது. க்ரீச்சின் பேச்சு பாதியில் நிற்கிறது. காவலர் ஓடி வருகிறார். "இங்க பேசக்கூடாதும்மா, உக்காருங்க." "நான் எங்க பேசுறேன்?" அவள் கீழே விரல் நீட்டுகிறாள். "அன்னைக்கு கோர்ட்ல எம் புருஷனுக்காக அந்த ஆளு பேசினதைத்தான் சொல்றேன். இன்னும் பாதி இருக்கு."